கத்தி படாத சஹன்

அக்டோபர் 22, திங்கள்

சென்னைக்குப் போன சஹன்கள் இன்று திரும்பி வந்தன. கூடவே ஒரு சான்றிதழும் வந்தது. ஏழும் போலியாம்.

டாக்டர் தணிகாசலம் என்று யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெரிய பீங்கான் நிபுணராம். 'அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட நகல்கள், பழம்பொருள் மதிப்பு இல்லை' என்று இரண்டே வரி. நானூறு வருஷத்தை இரண்டு வரியில் துடைத்துப் போட்டுவிட்டார் மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

நாளைக்கு யாரும் கதையை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. அதனால் இன்றிலிருந்து எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதப்போகிறேன். எங்கள் தெருவில் பெண்களுக்கென்று ஒரு தைக்கா உண்டு. தொழுவதும் ஓதுவதும் ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். அந்தத் தைக்காவுக்குச் சொந்தமானவை இந்த ஏழு சஹன்கள். ஒவ்வொன்றும் பெரிய தாம்பாளம் அகலம். வெள்ளைப் பீங்கானில் நீலத்தால் பறவையும் பூங்கொடியும் கையால் வரைந்தவை. மீலாது விருந்தன்று சஹனில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறி வைத்து, ஒரு சஹனைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். கப்பல் வியாபாரம் நடந்த காலத்தில் தென்சீனத்திலிருந்து வந்தவை. ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. தொல்லியல் படித்தவள் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் கடற்கரை அகழாய்வுகளில் பீங்கான் ஓடுகளைக் கழுவி, தரம் பிரித்து, எண் போடுவதுதான் என் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு யார் வீட்டுப் பரணில் எந்தத் தட்டு கிடைத்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். பார்த்துச் சொல்வேன். மச்சான் (கட்டிய மாப்பிள்ளையை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதற்கு 'ஓட்டுக் கச்சேரி' என்று பெயர் வைத்திருக்கிறார்.

சஹன்களைச் சென்னைக்குக் கொண்டுபோனது மச்சான்தான். நிபுணர் ஒருவரிடம் காட்டி எழுதி வாங்கிவிட்டால் தைக்காவுக்கு நல்லது என்று கமிட்டியில் பேசி, தானே காரில் வைத்து எடுத்துப் போனார். ஹாங்காங்கில் ரத்தினக்கல் வியாபாரம் செய்கிறவர், ஊருக்கு வரும் கொஞ்ச நாளில் இதற்காக அலைந்தார். பாவம், இப்படி ஒரு பதிலோடு வரவேண்டியதாயிற்று.

"டாக்டரே சொல்லிட்டாஹ. இனி என்ன இருக்கு" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"நான் பாக்காம ஒத்துக்க மாட்டேன்."

"பாரேன். யாரு வேண்டாமுன்னா. ஒன் டாக்டருதானே, அவரு எழுதுனதையெல்லாம் வெட்டி வெட்டி பீரோவுல வெச்சிருக்கியே" என்று சிரித்தார்.

வெட்டி வைத்தது இரண்டு மூன்று கட்டுரைதான்.

அக்டோபர் 23, செவ்வாய்

விடாத மழை. பின்கட்டில் ஒழுகுகிறது. கொத்தனாருக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை.

கமிட்டிச் செயலாளர் கிதுரு முகம்மது காக்கா தைக்கா வாசலில் நின்று பேசினார். போலி என்று ஆகிவிட்டபிறகு அவற்றைப் பூட்டி வைப்பானேன், இந்த மீலாதுக்கு நல்ல எவர்சில்வர் சஹனாக வாங்கிக்கொள்ளலாமே என்றார். தைக்காவை நடத்துகிற பாத்துமுத்து லாத்தா உள்ளே இருந்தபடியே, "சாவி என் முந்தானையில இருக்கு. அத மொதல்ல அவுக்கச் சொல்லுங்க, பொறவு எவர்சில்வரப் பாப்போம்" என்றார். காக்கா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 24, புதன்

நெத்திலி வந்தது. நல்ல நெத்திலி. டாக்டர் தணிகாசலத்திடம் காட்டினால் சுறா என்று எழுதிக் கொடுப்பார்.

அக்டோபர் 25, வியாழன்

இன்று பார்த்தேன். மதியம் லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் போனபிறகு பாய் விரித்து ஏழு சஹன்களையும் வரிசையாக வைத்தேன். லென்ஸ், டார்ச், ஒரு வாளி வெந்நீர். பாத்துமுத்து லாத்தா பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டினார்.

முதலில் அச்சா, கையா என்று பார்க்கவேண்டும். அச்சுக் குத்திய தட்டில் நீலம் எங்கும் ஒரே சீராக இருக்கும், படம் சேருகிற இடத்தில் ஒட்டுப்போட்டது தெரியும். இதில் அப்படி இல்லை. தூரிகை நின்ற இடத்தில் நீலம் தேங்கி, இழுத்த இடத்தில் வெளிறியிருந்தது. கையால் வரைந்ததுதான். "பாத்தீங்களா டாக்டர்" என்று வாய்விட்டே சொன்னேன். லாத்தா, "யாரளா டாக்டரு, எனக்கு ஒண்ணுமில்லையே" என்றார்.

ஆனால் பறவையைப் பார்த்தபோது என்னவோ போல் இருந்தது. பழைய சஹனை வரைந்தவன் அலட்சியக்காரன். ஒரு நாளில் எத்தனையோ பறவை வரைகிறவன். சிறகுக்கு மூன்று இழுப்பு, வாலுக்கு ஒன்று, அடுத்த தட்டு. இதில் சிறகு ஒவ்வொரு இழையாக, பத்திரமாக, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற பிள்ளை மாதிரி வரைந்திருந்தது. மழைக்கால வெளிச்சம் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். நடுவில் கீறல்கள். மெல்லிசாக, நேராக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு. எத்தனையோ பழைய தட்டுகளில் நான் பார்த்த கீறல்தான். இதை வைத்துத்தான் தட்டு புழங்கியதா இல்லையா என்று சொல்வோம். வெள்ளைக்காரர் வீட்டுத் தட்டுகளில் கட்டாயம் இருக்கும். இறைச்சியைத் தட்டில் வைத்துக் கத்தியால் அறுப்பார்கள்.

கத்தி.

"லாத்தா, நம்ம சஹன்ல யாராச்சும் கத்தி போட்டுச் சாப்பிட்டு நீங்க பாத்திருக்கியளா?"

"ஒனக்கு என்ன வந்துச்சு? கரண்டி பட்டாலே எங்க உம்மா ஏசுவாஹ. கை எதுக்கு இருக்கு?"

எங்கள் சஹன் கத்தியைக் கண்டதே இல்லை. சோறு, கறி, கை. வேறு எதுவும் பட்டதில்லை. பழைய தட்டு என்றால் கீறல் வேண்டும் என்று தெரிந்த யாரோ, நாங்கள் எப்படிச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் கீறியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு மற்றதைப் பார்த்தேன். அந்தக் காலத்துச் சூளையில் தட்டு தரையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடியில் மணல் தூவி வைப்பார்கள். அந்த மணல் தட்டின் அடிவளையத்தில் சுட்டு ஒட்டிக்கொள்ளும். எங்கள் சஹன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித்தான் வைப்போம். மேல் சஹனின் மணல் கீழ் சஹனின் நடுவில் தேய்த்துத் தேய்த்து ஒரு வட்டம் போட்டிருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும், போட்டோவில் விழாது. இந்த ஏழில் ஒன்றில்கூட அந்த வட்டம் இல்லை. அடியில் மணல் மட்டும் இருந்தது. வெந்நீரில் வைத்து நகத்தால் சுரண்டினேன். பசையோடு வந்துவிட்டது.

ஆக, டாக்டர் சொன்னது சரி. இவை போலி. ஆனால் இவை எங்கள் சஹன்கள் இல்லை.

லாத்தாவிடம் சொன்னேன். மணி உருட்டுவது நின்றது.

"அப்ப நம்ம சஹன் எங்க?"

"தெரியல லாத்தா. மௌலூது ஓத எல்லாரும் கூடுற அன்னைக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க."

அக்டோபர் 26, வெள்ளி

டாக்டர் தணிகாசலத்தைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன், நெத்திலி விஷயம் உட்பட. மனசில்லாமல்தான்.

அக்டோபர் 27, சனி

திரும்பப் பெற்றதை மறுபடி யோசித்தேன். அசலை அவரே அமுக்கிக்கொண்டு போலியைக் கட்டி அனுப்பியிருந்தால்? அப்படித்தான் இருக்கவேண்டும். வேறு எப்படி இருக்க முடியும்? சான்றிதழில் இருந்த எண்ணுக்கு நேரடியாகப் போன் செய்தேன். சண்டை போடத் தயாராகத்தான் செய்தேன்.

மனிதர் சண்டைக்கே வரவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தப் பொருள் வந்தாலும் பெட்டியைத் திறக்கும்போதே போட்டோ எடுத்துடுவோம்மா. அதுக்கு முன்னாடி நான் கைகூட வைக்கறதில்லை. உங்களுக்கு அனுப்பறேன், பாருங்க" என்றார். பிறகு, "கீறல் செயற்கையா போட்டதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஆனா கத்தியே படாத தட்டுன்னு நீங்க சொன்னது எனக்குத் தோணலை. இதை நீங்க எழுதணும்" என்றார். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

படம் வந்தது. பாதி திறந்த மரப்பெட்டி, வைக்கோல், மேலே ஒரு சஹன். பெரிதாக்கிப் பார்த்தேன். அதே கத்திக் கீறல். மூடியைப் பிடித்திருக்கும் கையில் மச்சானின் பச்சைக்கல் மோதிரம்.

அப்படியென்றால் டாக்டரிடம் போய்ச் சேரும்முன்பே மாற்றிவிட்டார்கள். வழியில்தான். டிரைவராக இருக்கும்.

அக்டோபர் 29, திங்கள்

டிரைவர் மீராசாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்தப் பெட்டிய மொதலாளிதாம்மா ஏத்துனாவ, மொதலாளிதான் எறக்குனாவ. என்னயத் தொடவே விடல" என்றார். அவ்வளவு அக்கறையாகக் கொண்டுபோயிருக்கிறார். அப்படியானால் சென்னையில் தங்கிய ஹோட்டல் ஆட்களாகத்தான் இருக்கவேண்டும். ஹோட்டல்காரர்களை நம்பவே முடியாது.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, மழை விட்டபிறகு வருகிறேன் என்றார். மழை விட்டபிறகு எனக்கு எதற்கு அவர்? இரவுக்கு மச்சானுக்குப் பிடித்த இறால் வறுவல் செய்தேன்.

அக்டோபர் 31, புதன்

எறும்பு.

போலீசில் புகார் கொடுப்பதானால் என்னென்ன வித்தியாசம் என்று சொல்லவேண்டுமே என்று, போன வருஷம் நான் போனில் எடுத்த சஹன் படங்களை வைத்துக்கொண்டு தைக்காவில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். மூன்றாவது தட்டில், விளிம்போரப் பூங்கொடியில் ஒரு சின்ன நீலக்கோடு கொடியோடு சேராமல் தனியாக நின்றது. லென்ஸை வைத்தால், கோட்டுக்கு ஆறு கால். இரண்டு மீசை.

போனில் அதே சஹனின் படத்தை எடுத்தேன். அதே இடத்தில் எறும்பு. உயிருள்ள கறுப்பு எறும்பு. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வெயில் போய்விடுமே என்று அதை ஊதித் தள்ளாமல் அப்படியே எடுத்த படம். எங்கோ சீனத்துப் பட்டறையில் யாரோ ஒரு பிள்ளை அதையும் படத்தில் ஒரு பாகம் என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு காலாக வரைந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. லாத்தா என்னவென்று கேட்டும் அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்தபிறகுதான் மீதி புரிந்தது. அந்தப் படங்களை நான் எங்கேயும் போட்டதில்லை. யாருக்கும் காட்டியதில்லை. போன் பழசாகிவிட்டது, படங்கள் போய்விடக் கூடாதே என்று ஒரே ஒரு நம்பருக்கு அனுப்பினேன். 'பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் மச்சான்' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த எழுத்து இன்னும் போனில் இருக்கிறது.

ரேஷனில் பாமாயில் போட்டார்கள். வாங்கி வந்தேன்.

நவம்பர் 2, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தவருக்கு நெய்ச்சோறு, கறி, கத்தரிக்காய்ப் பருப்பு. மூன்றாவது தட்டை லாத்தாவிடம் கேட்டு வாங்கி வந்து, அதில்தான் போட்டு வைத்தேன்.

"என்ன, இதுல வெச்சிருக்கே" என்றார்.

"டாக்டருதான் மதிப்பில்லேன்னு சொல்லிட்டாஹளே. சாப்பிடுங்க."

பசி போலிருக்கிறது, சாப்பிட்டார். சோறு குறையக் குறைய விளிம்பு தெரிந்தது. "எறும்பு வருது பாரு" என்று சொல்லி விரலால் சுண்டினார். போகவில்லை. மறுபடி சுண்டினார்.

"அது போவாது மச்சான். சீனத்துலேருந்து உங்ககூடவே வந்தது."

போனை அவர் முன்னால் வைத்தேன். படத்தைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராக இருந்தேன். அவர் சொன்னதற்குத்தான் தயாராக இல்லை.

"ஹாங்காங்குல வாங்குறவஹ கண்ணாடிப் பெட்டியில வெச்சு, வெளக்குப் போட்டுப் பாப்பாஹ. இங்க அது சோத்துக்கு அடியில கெடக்கு. சாம்பல் போட்டுத் தேய்க்கிறிய. ஒங்களுக்கு இதுவும் ஒண்ணுதான், அதுவும் ஒண்ணுதான். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா?"

"அதுக்குத்தானே ஒன் டாக்டருகிட்டயே கொண்டுபோனேன். எப்பவுமே போலிதான்னு அவரு சொன்னா நீ கேப்பேன்னு நெனச்சேன்."

எத்தனை வருஷம். ஓட்டுக் கச்சேரி என்று சிரித்ததைக்கூட நான் பிரியமாகத்தான் எடுத்துக்கொண்டேன். என் வேலை என்னவென்று தெரிந்து, என் கண்ணுக்கு என்ன தெரியும் என்று மட்டும் தெரியாமலே என்னோடு இருந்திருக்கிறார். திருடியதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சஹன்கள் எங்கே என்று கேட்டேன். மாசக்கடைசியில் கப்பல் ஏறும் என்றார். எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. உம்மா எனக்குக் கொடுத்த வீடு இது. மாப்பிள்ளை வந்து சேருகிறவர்தான். உள்ளே போய் அவருடைய சூட்கேஸை எடுத்து, மடித்த கைலி நாலும் ஷேவிங் சாமானும் போட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

"கை கழுவிட்டுப் போங்க" என்றேன்.

நவம்பர் 3, சனி

நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசை.

நவம்பர் 5, திங்கள்

சுஹரா மைனி வந்தார். மச்சானின் அக்கா, பக்கத்துத் தெரு. மச்சான் அங்கேதான் போயிருக்கிறார். ஒரு தூக்குச்சட்டி நிறைய வட்டலப்பம் கொண்டுவந்திருந்தார். சண்டைக்கு வரும்போதும் வெறுங்கையோடு வரமாட்டார்.

"ரெண்டு பேருக்கும் என்ன? அவன் வாயத் தொறக்க மாட்டேங்கான். நீயாவது சொல்லித் தொலை."

"உங்க தம்பிகிட்டயே கேளுங்க மைனி."

"பேரன் பேத்தி எடுக்குற வயசுல மாப்பிள்ளய வெளியே அனுப்புறியே, தெரு என்ன பேசும்னு நெனைச்சியா? எனக்கு வெளிய தல காட்ட முடியல."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. மைனி வருஷம் தவறாமல் மீலாது விருந்துக்குத் தைக்காவில் முதல் பந்தியில் உட்காருகிறவர். தம்பியைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான். நான் எழுந்துபோய் அவருடைய தூக்குச்சட்டியைக் கழுவி, கொஞ்சம் முறுக்குப் போட்டுக் கொடுத்தேன். முகத்தை வெட்டிக்கொண்டு வாங்கிப் போனார்.

நவம்பர் 8, வியாழன்

கிதுரு முகம்மது காக்கா இன்று வீட்டுக்கே வந்தார். மச்சான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். சமாதானம் பேச வந்திருந்தார்.

"தங்கச்சி, சஹன் ஏழும் மீலாதுக்கு முந்தித் தைக்காவுக்கு வந்துரும். நான் பொறுப்பு. ஆனா விஷயம் வெளிய வரப்படாது. டாக்டரு பாத்ததுல தப்பு நடந்துபோச்சு, நல்லாப் பாத்ததுல அசல்தான்னு நீ ஒரு எழுத்து எழுதிக் குடுத்திரு. ஊரு ஒன் எழுத்த நம்பும்."

"எழுதலேன்னா?"

"அவன் பேரு வெளிய வந்தா சஹன் வராது. கப்பல் ஏறிரும். அவன் சொன்னத நான் சொல்றேன். ஒங்களுக்கு வேண்டியது சஹன்தானே, பேரு எதுக்கு?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

சஹன்தானே வேண்டும். உண்மைதான். ஏழும் வந்துவிடும், யார் வீட்டு மானமும் போகாது, அடுக்கி வைத்துவிட்டு நானும் கதவைத் திறந்துவிடலாம். போதும் போலத்தான் இருக்கிறது. இந்த வீட்டில் தனியாகச் சோறு பொங்கிச் சாப்பிடுவது எனக்கு இனிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். பேரைச் சொல்லி, சஹன்கள் கப்பலேறிவிட்டால், தைக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்தப் பயமும் இருக்கிறது.

ஆனால் அந்த எழுத்தில் நான் என்ன எழுதவேண்டும்? பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன டாக்டருக்குக் கண் சரியில்லை என்று எழுதவேண்டும். கத்திக் கீறல் இல்லை என்று எழுதவேண்டும். எனக்கு எதுவும் தெரியாது என்று மச்சான் நினைத்தார். அதையே நான் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டுமாம். தெரியும் என்று வாய் திறந்து சொல்லாதவரைக்கும் எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம். இன்றைக்குச் சஹன், அடுத்து தைக்காவின் தொங்குவிளக்கு, அதற்கடுத்து கூரை ஓடு.

நவம்பர் 9, வெள்ளி

மீலாது மாசமான ரபியுல் அவ்வல் பிறை பிறந்துவிட்டது. நபி புகழ் பாடும் மௌலூது ஓத இன்று முதல் நாள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தைக்கா நிறையப் பெண்கள். ஓதி முடித்து, தப்ரூக் இனிப்பு கொடுக்கும் முன் பாத்துமுத்து லாத்தா என்னைப் பார்த்தார். எழுந்து போய் ஏழு தட்டுகளையும் நடுவில் விரித்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.

"உங்கள்ல யாரு சஹன்ல கத்தி போட்டுச் சாப்பிட்டது?" என்று கேட்டேன்.

சிரித்தார்கள். சின்னப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். கீறல்களைக் காட்டினேன். ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தபோது சிரிப்பு நின்றது. அடுக்கி வைத்த வட்டம் இல்லாததைச் சொன்னேன். மணல் பசையோடு வந்ததைச் சொன்னேன். எறும்பைக் காட்டினேன். டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை, அவரிடம் போனதே போலிதான், நம்முடையதை அதற்கு முன்பே மாற்றிவிட்டார்கள் என்றேன்.

"யாரு மாத்துனது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு பல குரல்.

வாசலுக்கு வெளியே கிதுரு முகம்மது காக்காவின் குடை தெரிந்தது. மூன்றாவது வரிசையில் சுஹரா மைனி, துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் பெண்கள் மாப்பிள்ளையின் பேரை வாயால் சொல்வதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை.

"கப்பலார் வீட்டு நூகுத்தம்பி" என்றேன். சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன். "நூகுத்தம்பி. என் மாப்பிள்ளை. நான் எடுத்த படத்த வெச்சே செஞ்சிருக்காஹ. பேரைச் சொன்னா சஹன் வராதுன்னு சொல்லி அனுப்பியிருக்காஹ. வராமப் போனா அது என் தலையில. ஆனா நமக்குத் தெரியாதுன்னு மட்டும் யாரும் சொல்லப்படாது."

டார்ச்சை அணைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

சுஹரா மைனி எழுந்தார். என்னை ஏசப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் விரித்துக் கிடந்த தட்டுகளுக்கு அருகில் வந்து, குனிந்து, ஒன்றின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஏழு சஹனும் ஒரு மரப்பெட்டியில கொள்ளுமா?" என்று கேட்டார்.

"கொள்ளும் மைனி."

"வைக்கோல் போட்டு, ஆணி அடிச்ச பெட்டி?"

தைக்காவே மைனியைப் பார்த்தது.

"எங்க வீட்டு மச்சுல இருக்கு. கல்லு அறுக்குற சாமான், யாரும் தொடாண்டாமுன்னு சொல்லி வெச்சிருக்கான். சென்னைக்குப் போறதுக்கு முந்துன ராத்திரி வெச்சது." துப்பட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாலு பேரு தூக்க வாங்க."

நாலு பேர் எழவில்லை, தைக்கா முழுவதும் எழுந்தது. மழையில் தெருவை அடைத்துக்கொண்டு போனோம். கிதுரு முகம்மது காக்கா சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். மைனி முன்னால் நடந்தார், நான் அவர் பக்கத்தில். அவர் வீட்டு வாசல்படியில் மச்சான் நின்றிருந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்க வாயெடுத்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார்.

படியேறும் முன் சொல்லிவிட்டேன்.

"பாக்காம வாங்க மாட்டேன் மைனி. ஒவ்வொண்ணாப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

"பாரு. பொரட்டிப் பொரட்டிப் பாரு" என்றார் மைனி, என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு. "நானே சாய்ச்சுப் புடிக்கேன்."